பள்ளிக்கூடம் முந்தியது சரி. நம் பிள்ளை எங்கே?

எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் கோலா கங்சார் பட்டணத்துக் காப்பிக் கடைகளில் ஒரே பேச்சுத்தான். எந்தப் பள்ளிக்கூடம் முந்திக்கொண்டது, எது பின்தங்கிவிட்டது, எந்தப் பள்ளியில் எத்தனை பேர் எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ எடுத்தார்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள். மறுநாள் பத்திரிகைகளில் சிரித்த முகங்களாய்ப் படங்கள் வரும். தலைமையாசிரியர் நன்றி சொல்வார். பெற்றோர் கண் கலங்குவார்கள். நாமும் மகிழ்கிறோம். படித்து முன்னுக்கு வந்த பிள்ளை யார் வீட்டுப் பிள்ளையானாலும் அது பாராட்டுக்கு உரியதே.

ஆனால் சுங்கை சிப்புட்டிலும், காத்தியிலும், சாலாக்கிலும், பாடாங் ரெங்காஸ் பக்கத்திலும் இருந்து இந்தப் பகுதியைப் படிக்கும் தொழிலாளத் தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் அந்தப் பேச்சில் ஒரு விஷயம் விட்டுப்போவது தெரிந்திருக்கும். ஐந்து வருடத்துக்கு முன்னால் நம் தோட்டத்திலிருந்து முதலாம் படிவத்துக்குப் பஸ் ஏறிப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று அந்தத் தேர்வை எழுதினார்கள்? எத்தனை பேர் கையில் சான்றிதழ் இருக்கிறது? இதை எந்தக் காப்பிக் கடையிலும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்தான். ஆகவே இந்த வாரம் இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே பேசுவோம்.

ஒரே ஊர், இரண்டு வகைப் பள்ளி

கோலா கங்சார் அரச நகரம். பேரா ஆற்றங்கரை ஊர். நம் வாழ்வுக்கும் அதற்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1877-ல் இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் 9 கன்றுகளை ஹியூ லோ என்ற வெள்ளைக்காரத் துரை நட்டது இந்த ஊரில்தான். நம் பாட்டன் பூட்டனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த கித்தா மரம் இங்கே வேர் பிடித்தது. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. போகிற வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கல்வியிலும் இது பேர்போன ஊர். 1905-ல் தொடங்கிய மலாய்க் கல்லூரி இங்கே இருக்கிறது. முதலில் அரச குடும்பத்துப் பிள்ளைகளும் பெரிய இடத்துப் பிள்ளைகளும் படிப்பதற்கென்று ஏற்பட்ட விடுதிப் பள்ளி அது. பிறகு நாடு முழுவதிலுமிருந்து திறமை பார்த்துத் தேர்ந்தெடுத்த மாணவர்கள் தங்கிப் படிக்கும் பள்ளியாயிற்று. அதே ஊரில் கிளிப்பர்ட் பள்ளியும் மற்ற அரசாங்க இடைநிலைப் பள்ளிகளும் உள்ளன. இவை பகல் பள்ளிகள். பக்கத்துக் கம்பத்துப் பிள்ளை, கடைக்காரர் பிள்ளை, தோட்டத்துப் பிள்ளை என்று யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டிய பள்ளிகள்.

இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது நியாயமா என்று முதலில் கேட்க வேண்டும். பொறுக்கி எடுத்த நெல்லை அளப்பதும், களத்தில் கிடக்கிற நெல்லை அப்படியே அளப்பதும் ஒன்றாகுமா? விடுதிப் பள்ளிக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது பகல் பள்ளியிலிருந்து போகிறவர் யார்? முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள். முதலாம் படிவத்தில் ஒரு தடவை, நான்காம் படிவத்தில் இன்னொரு தடவை என்று நல்ல மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு, மீதி இருப்பவர்களை வைத்துக்கொண்டு பாடுபடுகிறார்கள் பகல் பள்ளி ஆசிரியர்கள். சின்னப் பட்டணத்துப் பள்ளி பின்தங்கிவிட்டது என்று நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்த வேறுபாட்டைச் சட்டத்திலேயே ஒப்புக்கொண்ட இடமும் உண்டு. தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிக்கு நீட் தேர்வு கட்டாயமான பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்து ஆராய்ந்தார்கள். அதன்பின் 2020-ல் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து வந்த மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். கூலிவேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் அதன் மூலம் டாக்டர் படிப்புக்குப் போயிருக்கிறார்கள். மார்க்கை மட்டும் பார்த்தால் போதாது, எந்த வீட்டிலிருந்து எந்தப் பள்ளி வழியாக அந்த மார்க் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம்.

சராசரி என்னும் கணக்கு

நம் நாட்டில் ஒரு பள்ளியின் தேர்ச்சியை எப்படி அளக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ‘ஜி.பி.எஸ்.’ என்று சொல்லி ஒரு எண்ணைக் காட்டுவார்கள். எல்லாரும் கை தட்டுவார்கள், நாமும் தட்டிவிட்டு வருவோம். அது என்னவென்று தெரிந்துகொள்வது கஷ்டமில்லை.

ஒவ்வொரு தாளுக்கும் ஒரு புள்ளி. ‘ஏ பிளஸ்’ எடுத்தால் 0. ‘ஏ’ எடுத்தால் 1. இப்படியே ஏறிக்கொண்டு போய், கடைசித் தேர்ச்சியான ‘இ’ என்றால் 8. தோல்வியான ‘ஜி’ என்றால் 9. பள்ளியில் எழுதிய எல்லாத் தாள்களின் புள்ளியையும் கூட்டி, தாள்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் பள்ளியின் சராசரி. ஆகவே எண் குறையக் குறையப் பள்ளி உயர்ந்ததென்று பொருள். நாடு முழுவதற்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 2023 எஸ்.பி.எம். தேர்வில் அது 4.60. 2024 தேர்வில் 4.49. அதாவது 0.11 முன்னேற்றம். அதைத்தான் பெரிய செய்தியாகப் போட்டார்கள்.

கணக்கு நல்ல கணக்குத்தான். ஆனால் அதன் கண்ணுக்குப் படாத இரண்டு விஷயம் உண்டு. இரண்டும் நம் பிள்ளைகளைப் பற்றியவை.

முதலாவதைப் பார்ப்போம். ஒரு பள்ளியில் 100 பிள்ளைகள் தேர்வு எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 9 பாடம் என்றால் 900 தாள். அதில் ஒரு தோட்டத்துப் பிள்ளை வரலாற்றுப் பாடத்தில் தோற்கும் நிலையிலிருந்து முட்டி மோதி ‘இ’ எடுத்துத் தேறிவிடுகிறது. பள்ளியின் மொத்தப் புள்ளியில் 1 குறையும். சராசரியில் அது 900-ல் ஒரு பங்கு. யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளைக்கோ? மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்கும். வரலாறு இப்படிக் கட்டாயத் தேர்ச்சிப் பாடமானது 2013-லிருந்து. ஆக, சராசரிக்குத் தூசியாகத் தெரிகிற அந்த ஒரு புள்ளி, அந்தப் பிள்ளைக்குச் சான்றிதழ் உண்டா இல்லையா என்கிற வாழ்க்கைப் பிரச்சினை.

இரண்டாவது இதைவிடக் கசப்பானது. அதே 100 பேரில் 90 பேருக்குச் சராசரி 5 என்றும், படிப்பில் தடுமாறுகிற 10 பேருக்கு 8 என்றும் கொள்வோம். மொத்தப் பள்ளிக்கு 5.3 வரும். இப்போது அந்தப் பத்துப் பேரும் நான்காம் படிவத்திலேயே படிப்பை விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்கும், கார் கழுவுகிற கடைக்கும் போய்விட்டார்கள். பள்ளியின் சராசரி என்ன ஆகும்? 5.0. பார்த்தீர்களா, 0.3 முன்னேற்றம்! நாடே சேர்ந்து ஒரு வருடத்தில் கண்ட முன்னேற்றத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. பத்துப் பிள்ளைகள் தொலைந்துபோனார்கள். எண் மட்டும் அழகாகிவிட்டது.

எந்தப் பள்ளியும் வேண்டுமென்று இப்படிச் செய்கிறது என்று நாம் சொல்லவில்லை. பிள்ளை வரவில்லையே என்று வீடு தேடி வந்து கூப்பிட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆனால் நின்றுபோன பிள்ளை கணக்கிலேயே வராது என்பது உண்மை. கணக்கில் வராதவனைப் பற்றி யாருக்கு என்ன கவலை? எனவேதான் பள்ளியின் சராசரி ஏறியதா இறங்கியதா என்று கேட்பதோடு நாம் நிற்கக் கூடாது என்கிறோம். முதலாம் படிவத்தில் சேர்ந்தது எத்தனை பேர், ஐந்தாம் படிவத்தில் எழுதினது எத்தனை பேர் என்ற இரண்டு எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும்.

கதவு திறந்த கதை

இந்தக் கதவு நமக்குச் சும்மா திறக்கவில்லை. 1912-ல் வந்த தொழிலாளர் சட்டமும் 1923-ல் அதைத் திருத்தி வந்த சட்டமும் பத்துப் பிள்ளைகள் இருக்கிற தோட்டத்தில் துரை பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று சொல்லின. வைத்தார்கள். எப்படிப்பட்ட பள்ளிக்கூடம்? ஆயக் கொட்டகை போல ஒரு கொட்டகை. சில இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும், அப்புறம் பால் வாளியைத் தூக்கு என்பதுதான் அன்றைய ஏற்பாடு. பட்டணத்து ஆங்கிலப் பள்ளி நம் பிள்ளைக்கு எட்டாக்கனி. சம்பளம் கட்டவும் வழியில்லை, போய்வரவும் வழியில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் ஆறாம் வகுப்பு முடிந்ததும் ஒரு நுழைவுத் தேர்வு வைத்துப் பெரும்பாலோரைத் தடுத்து நிறுத்தினார்கள். 1965-லிருந்து அந்தத் தடை நீங்கியது. எல்லாரும் மூன்றாம் படிவம் வரை போகலாம் என்றானது. ஆனால் தமிழ்ப்பள்ளியிலிருந்து போகிற பிள்ளை புகுமுக வகுப்பில் ஒரு வருடம் மொழி படிக்க வேண்டும். கூடப் பிறந்த வயதுக்காரன் ஒரு படிவம் மேலே இருப்பான், நம் பிள்ளை கீழே இருக்கும். பிறகு எல்.சி.இ., எஸ்.ஆர்.பி. என்று மூன்றாம் படிவத்துத் தேர்வுகள். அதில் தவறினால் வீட்டுக்கு வரவேண்டியதுதான். தோட்டத்தில் அப்படி வீட்டுக்கு வந்தவர்கள் ஆயிரமாயிரம். இன்று பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற தாத்தாக்களில் பலர் அவர்கள்தான். 1973-ல் படிப்பை இடையில் விடுவதைப் பற்றி அரசாங்கம் வெளியிட்ட அறிக்கையே வறுமைதான் முக்கியக் காரணம் என்று எடுத்துக் காட்டியது. 1975-ல் பாடப்புத்தக இரவல் திட்டம் வந்தது. 1990-களில் ஐந்தாம் படிவம் வரை தடையில்லாமல் போகலாம் என்ற நிலையும் வந்தது. 2003-ல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. 2025 ஜூலையில் இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் மசோதாவை மக்களவை நிறைவேற்றியது.

ஆக, வெளியே பூட்டியிருந்த கதவு ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டது. இப்போது நம் பிள்ளைகள் தாங்களாகவே பின்வாசல் வழியாக வெளியே போய்விடுகிறார்களே, அதற்கு என்ன செய்வது?

துன் சம்பந்தன் படித்த ஊர்

கோலா கங்சாரைப் பற்றிப் பேசும்போது ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. 1919-ல் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் படித்தது இந்தக் கோலா கங்சார் கிளிப்பர்ட் பள்ளியில்தான். பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் பெற்றார். 1955-லிருந்து அமைச்சராக இருந்தார். நம் சின்னப் பட்டணத்துப் பள்ளி பெரிய ஆளை உருவாக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் தந்தையார் வீராசாமி அவர்கள் 1896-ல் வந்து, பாடுபட்டு, ரப்பர் தோட்டம் வைத்த முதலாளி. மகனைப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப அவரால் முடிந்தது. அதே சமயத்தில் அதே சுங்கை சிப்புட்டில் மரம் வெட்டியவரின் மகனால் அந்தப் பள்ளியின் வாசற்படியை மிதிக்க முடிந்திருக்குமா? அந்தக் காலத்தில் எத்தனை சம்பந்தன்கள் மங்கு கழுவிக்கொண்டே வயதாகிப் போனார்களோ, யார் கண்டது?

துன் அவர்கள் அதை மறக்கவில்லை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, நம் ஜனங்கள் நடுத்தெருவுக்கு வரக் கூடாதென்று 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாக நடந்து, தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். தோட்டம் வாங்குகிற தொழிலாளியா என்று சிரித்தவர்கள் பிறகு வாயடைத்துப் போனார்கள். அந்தப் பத்து வெள்ளிப் பாடத்தை நாம் படிப்பு விஷயத்தில் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை.

ஏன் நின்றுவிடுகிறார்கள்?

“அவன் மண்டையில ஏறல, விட்டுட்டோம்” என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மை அப்படியில்லை. காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

முதல் இடறல் முதலாம் படிவத்திலேயே வருகிறது. முப்பது நாற்பது பேர் படிக்கிற தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியைக்கு ஒவ்வொரு பிள்ளையின் பேரும் தெரியும், அப்பன் பேரும் தெரியும். அங்கிருந்து ஆயிரம் பேர் படிக்கிற பள்ளிக்குள் போய் நிற்கிறது பிள்ளை. எல்லாம் மலாய் மொழி. அறிவியல் சொல் புதிது, வரலாற்றுப் புத்தகம் தடிமன். கேள்வி கேட்கக் கூச்சம். கடைசி வரிசைதான் புகலிடம். முதல் இரண்டு வருடத்தில் இப்படிப் பின்னால் போன பிள்ளை மூன்றாம் படிவத்தில் மனசால் படிப்பை விட்டுவிடுகிறது. உடம்பு மட்டும்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறது.

முன்பெல்லாம் ஆறாம் வகுப்பிலும் மூன்றாம் படிவத்திலும் அரசாங்கத் தேர்வு இருந்ததால் பிள்ளையின் நிலைமை வீட்டுக்குத் தெரிந்துவிடும். 2021-ல் யு.பி.எஸ்.ஆர். நீக்கப்பட்டது. 2022-ல் பி.டி.3 நீக்கப்பட்டது. பிஞ்சுப் பிள்ளைகளுக்குத் தேர்வுப் பயம் குறைந்தது நல்லதே. ஆனால் அந்த மாற்றத்துக்குப் பின் வளர்ந்த பிள்ளைகளின் வீட்டில், ஐந்தாம் படிவம் வரும்வரை “எல்லாம் நல்லாத்தான் போகுது” என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளி தரும் மதிப்பீட்டு அறிக்கை மலாயில் இருக்கும். பிள்ளை காட்டினால்தான் உண்டு. காட்டினாலும் ‘டி.பி. 2’ என்றால் என்னவென்று எத்தனை அப்பாமாருக்குத் தெரியும்? ஆறு நிலையில் அது இரண்டாவது; அடிப்படையே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை என்பதற்கான எச்சரிக்கை.

அடுத்தது போக்குவரத்து. தோட்டத்துக்குள்ளே அரசாங்கப் பஸ் வருவதில்லை. வேன்காரருக்கு மாதா மாதம் பணம் கட்ட வேண்டும். இருட்டோடு எழுந்து கிளம்பிய பிள்ளை, பாதி உறக்கத்தில் முதல் பாடத்தில் உட்கார்ந்திருக்கும். மாலையில் பள்ளி நடத்துகிற இலவசத் தேர்வு வகுப்புக்கு நிற்க முடியாது; வேன் காத்திருக்காது. பட்டணத்துப் பிள்ளைக்கு இலவசமாகக் கிடைக்கிற அந்த இரண்டு மணி நேரம் தோட்டத்துப் பிள்ளைக்கு ரோட்டிலே போய்விடுகிறது.

மூன்றாவது சம்பள ஆசை. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்று சட்டமாயிற்று. நல்லதுதான், நம் தொழிலாளர் போராட்டத்தின் பலன்தான். ஆனால் பதினாறு பதினேழு வயதுப் பையனுக்கு அந்த எண் ஆயிரம் ஆசை காட்டுகிறது. “படிச்சு முடிச்சாலும் இதே ஆயிரத்தி எழுநூறுதானே, இப்பவே போனா மோட்டார் சைக்கிள் எடுத்திரலாமே” என்கிறான். வீட்டில் கடன் நெருக்கும்போது அப்பாவும் வாயை மூடிக்கொள்கிறார். ஆனால் சான்றிதழ் இல்லாதவனுக்கு அந்த எண்தான் கடைசி எண்ணாகவும் இருக்கும். பத்து வருடம் கழித்தும் புதிதாக வந்தவனோடு அதே வரிசையில் அதே சம்பளத்துக்கு நிற்பான். சான்றிதழ் உள்ளவன் ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக் மாதிரி இடத்துக்குப் போய்த் தொழில் கற்று மேலே ஏறுவான். பாலிடெக்னிக்கோ ஆறாம் படிவமோ அரசாங்க வேலையோ, எந்த வாசலிலும் முதலில் நீட்ட வேண்டியது எஸ்.பி.எம். தாள்தான்.

கடைசியாக நம் பங்கு. கோவில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு பணம் எடுக்கிறோம், தப்பில்லை. காதுகுத்துக்குக் கடன் வாங்குகிறோம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் என்றால் மட்டும் “எங்களுக்கு மலாய் சரியா வராது, அங்க போயி என்னா பேசுறது” என்று ஒதுங்கிவிடுகிறோம். நாம் போகாத கூட்டத்தில் நம் பிள்ளையைப் பற்றி யார் பேசுவார்கள்?

செக்ரோலும் பள்ளிக்கூடமும்

தோட்டத்தில் ஒரு நாள் பெரட்டுக்குப் போகாவிட்டால் என்ன நடக்கும்? கிராணி செக்ரோலில் எழுதிவிடுவார். சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அதில் தப்பவே முடியாது. ஆனால் தோட்டத்துப் பிள்ளை ஒரு மாதம் பள்ளிக்குப் போகாமல் ஆற்றங்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தால் நம்மில் யார் அதை எழுதி வைக்கிறோம்? பள்ளிக்கூடம் முதல் எச்சரிக்கைக் கடிதம், இரண்டாவது கடிதம் என்று அனுப்பிக்கொண்டிருக்கும். கடிதம் மலாயில் இருக்கும், பிள்ளை கைக்கே வந்து சேரும், அடுப்புக்குப் போய்விடும்.

ஆகவே நாம் சொல்கிற யோசனை ஒன்றுதான். பெரிய செலவில்லாத யோசனை. ஒவ்வொரு தோட்டத்திலும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபோன நம் ஜனங்கள் இருக்கிற ஒவ்வொரு இடத்திலும், பிள்ளைகளுக்கென்று ஒரு செக்ரோல் வைக்க வேண்டும். ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் போதும். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், கோவில் கமிட்டி, தொழிற்சங்கக் கிளை, மாதர் சங்கம், இளைஞர் மன்றம், இவர்களில் யார் முன்வந்தாலும் சரி. இந்த வருடம் ஆறாம் ஆண்டு முடித்துப் போகிற பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதுங்கள். எல்பில் தோட்டமானாலும் ஹீவூட் ஆனாலும் டோவன்பி ஆனாலும் ஒரு வருடத்தில் போகிற பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. மாதம் ஒரு முறை, சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை, அந்த நோட்டைப் புரட்டுங்கள். யார் போகிறான், யார் நின்றான், ஏன் நின்றான் என்று எழுதுங்கள். ஐந்து வருடம் விடாமல் எழுதினால், எந்த இலாகாவும் தராத புள்ளிவிவரம் உங்கள் கையில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு போய்ப் பேசினால் தலைமையாசிரியரும் கேட்பார், கல்வி இலாகாவும் கேட்கும், ஓட்டுக் கேட்டு வருகிறவரும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த நோட்டு கையில் இருந்தால் மற்ற வேலைகளும் தானாக நடக்கும். எத்தனை பிள்ளைகளுக்கு மாலை வகுப்புக்குப் பிறகு வேன் தேவை என்று தெரியும். பத்து வீடு சேர்ந்து பேசினால் வேன்காரரும் இறங்கி வருவார். பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்ல, ஐந்தாம் படிவம் முடித்த அக்காமார் இரண்டு பேரை வைத்துக்கொள்ளலாம். மலாய் மொழி, வரலாறு ஆகிய இரண்டில் தடுமாறுகிறவர்கள் யார் என்று மூன்றாம் படிவத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். எல்லாப் பாடத்துக்கும் டியூசன் வைக்க நம்மிடம் வசதியில்லை. இந்த இரண்டுக்கும் மட்டுமாவது வாரம் இரண்டு இரவு கோவில் மண்டபத்தில் விளக்குப் போட்டு உட்கார வைக்கலாம். ஏற்கெனவே அதில் தவறிச் சான்றிதழ் இல்லாமல் இருக்கிறவர்கள் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டாம். அந்த இரண்டு பாடத்தையும் திரும்ப எழுத வழி இருக்கிறது. அவர்கள் பெயரையும் நோட்டில் சேருங்கள்.

தமிழையும் விட்டுவிடாதீர்கள். பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அரசாங்க இடைநிலைப் பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்த வசதி செய்ய வேண்டும் என்று 1996 கல்விச் சட்டம் சொல்கிறது. பதினைந்து கையெழுத்து நமக்குப் பெரிய காரியமா? தமிழ்ப் பாடம் ஒரு தாள் கூடுதல் தேர்ச்சி மட்டுமன்று. மிரண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் “என்னய்யா, சாப்பிட்டியா?” என்று கேட்க அந்தப் பெரிய பள்ளியில் ஓர் ஆசிரியர் இருப்பார் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. கட்டாயக் கல்வி என்று சட்டம் போட்டால் போதாது. பள்ளித் தொடக்கத்தில் தருகிற 150 ரிங்கிட் உதவியை நன்றியோடு வாங்கிக்கொள்கிறோம். அது சட்டை, சப்பாத்தோடு தீர்ந்துவிடுகிறது. தூரத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பகல் பள்ளிகளில் விடுதி வசதியோ, மாலை வகுப்புக்குப் பின் பஸ் வசதியோ செய்து தரட்டும். பள்ளியின் சராசரி எண்ணோடு, சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை என்ற எண்ணையும் பள்ளிவாரியாக வெளியிடட்டும். அப்படி வெளியிட்டால், தடுமாறுகிற பிள்ளையைக் கைப்பிடித்துக் கடைசிவரை கொண்டுவந்து சேர்த்த ஆசிரியருக்கும் உரிய பெயர் கிடைக்கும். இன்று அவருக்கு எந்தப் பத்திரிகையிலும் படம் வருவதில்லை.

2024 தேர்வில் நாடு முழுவதும் எல்லாப் பாடத்திலும் ‘ஏ’ வரிசை எடுத்தவர்கள் 14,179 பேர். நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. அவர்கள் வாழ்க. மற்ற தொண்ணூற்றாறு பேரில்தான் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தரும் தேர்வு மண்டபத்துக்குப் போகாமல் நின்றுவிடக் கூடாது. பெயரைப் பதிந்துவிட்டுத் தேர்வு நாளில் வராமல் போகிறவர்கள் நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நம் லயத்திலிருந்து அந்தக் கணக்கில் ஒரு பெயரும் சேராமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

வருகிற சம்பள ஞாயிற்றுக்கிழமை நோட்டை வாங்கிவிடுங்கள். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு நாலு பேராகச் சேர்ந்து போங்கள். மலாய் வராவிட்டால் வருகிற பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போங்கள். சராசரி எண்ணைச் சொல்லிக் கை தட்டி முடித்த பிறகு மரியாதையாக எழுந்து, “ஐயா, எங்கள் தோட்டத்திலிருந்து முதலாம் படிவத்தில் சேர்ந்த பிள்ளைகளில் இந்த வருடம் எத்தனை பேர் எழுதுகிறார்கள்?” என்று கேளுங்கள். பதிலை அந்த நோட்டிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.